மழைக்கால வால்பாறை: மூன்று நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆழியாறு அணையில் லேசாக மேகம் தெரியும். அதே வண்டி ஒன்றரை மணி நேரத்தில் கவர்க்கல் ஏறும்போது வைப்பரை நிறுத்தவே முடியாது, முன்னால் போகும் பேருந்தின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஆனைமலையின் மேற்குச் சரிவில் முட்டி மேலேறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இருக்கும் பொள்ளாச்சிக்கு மிச்சம்தான் வருகிறது. அதனால் அடிவாரத்து வானத்தைப் பார்த்து மேலே எப்படியிருக்கும் என்று முடிவு செய்ய வேண்டாம்.

மழையில் வால்பாறை போகிறவர்கள் ஒரு கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. வியூ பாயிண்ட் என்று பலகை வைத்த இடங்களில் பாதிக்கு மேல் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இந்தப் பருவத்தில் கிடைப்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: பாசி, தவளை, பாறையில் ஒட்டிப் பூத்த காசித்தும்பை, சாலையோர மரத்தில் நனைந்து உட்கார்ந்திருக்கும் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு). ஒரே நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட்டு வருபவர் எட்டு முறை பனியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நாளைக்கு இரண்டு இடம் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் நிற்பவருக்குத்தான் மழை விடும் அந்த இருபது நிமிடம் கிடைக்கும். கீழே உள்ள திட்டம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல் போட்டது.

எப்போது போவது

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் மழை ஜூலையிலும் ஆகஸ்ட் முற்பாதியிலும் உச்சத்தில் இருக்கும். அந்த ஆறேழு வாரம் முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றதல்ல. அருவிகள் மூடியிருக்கும், ஆற்றோரம் நெருங்க முடியாது, மரம் விழுந்து சாலை அடைபடும், மின்சாரம் போனால் மறுநாள்தான் வரும். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முழுவதும்தான் எங்கள் தேர்வு. மழை இருக்கும், விட்டு விட்டுப் பெய்யும், காடு முழுப் பச்சையில் நிற்கும், தவளைகள் இன்னும் கத்திக்கொண்டிருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிற்பகல் இடியோடு வரும். காலைப் பொழுது பெரும்பாலும் தெளிவு. டிசம்பருக்குப் பிறகு பனியும் குளிரும் உண்டு, மழை இல்லை. அது வேறு பயணம்.

கிழமையும் முக்கியம். சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை நாட்களில் 40 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் வரிசைகட்டும். செவ்வாய் ஏறி வியாழன் இறங்கினால் அதே சாலை உங்களுக்கே சொந்தம்போல இருக்கும்.

மழை அளவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கைபேசியின் வானிலைச் செயலி 'வால்பாறை, மழை' என்று ஆறு மாதம் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒன்றும் தெரியாது. பயன்படுவது வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடும் மழை அளவுப் பட்டியல். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழை சென்டிமீட்டரில் இருக்கும். கோவை மாவட்டத்தின் கீழ் சின்னக்கல்லாறு, சின்கோனா, சோலையாறு, வால்பாறை பிடிஓ, வால்பாறை பிஏபி, உபாசி என்று ஒரே மலையில் பல அளவீட்டு நிலையங்கள் வரும். சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே 11 செ.மீ. பெய்த நாளில் வால்பாறை ஊருக்குள் 6 என்று இருக்கலாம். ஆகவே தங்குமிடம் எந்தப் பக்கம், மறுநாள் போகும் இடம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்குரிய எண்ணைப் படியுங்கள்.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை என்பது வானிலை மையத்தின் கணக்கு. நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளும் சின்னக்கல்லாற்றில் 7 செ.மீ.க்குக் கீழே, எச்சரிக்கை மஞ்சள் மட்டும் என்றால் போகலாம். ஆரஞ்சு என்றால் ஒருநாள் தள்ளுங்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் அறையை விட்டு தூரம் போகாதீர்கள். சிவப்பு என்றால் ரத்துதான், முன்பணம் போனாலும் பரவாயில்லை. மூன்று நாள் கணக்கு எதற்கென்றால், மண் சரிவது இன்றைய மழையால் மட்டுமல்ல. முந்தைய நாட்களில் குடித்த தண்ணீரோடு மண் ஏற்கெனவே கனத்துப்போயிருக்கும். 2024 ஜூலை 30 அன்று சோலையாறு பகுதியில் வீட்டின்மேல் மண் சரிந்து இருவர் இறந்தது அப்படியொரு தொடர்மழையில்தான்.

இன்னொரு எளிய அறிகுறி: 'வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று ஆட்சியர் அறிவித்தால், அன்றைக்கு ஆறு, அணை, அருவி எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள். உள்ளூர் நிலவரம் தெரிந்துதான் அந்த அறிவிப்பு வருகிறது.

இ-பாஸ், சோதனைச்சாவடி, அனுமதி

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-ல் வந்த இ-பாஸ் முறை, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள், தங்குமிடம் ஆகியவற்றைப் பதிந்தால் க்யூஆர் கோடு வரும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. அந்த க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு தாளில் அச்சிட்டும் வையுங்கள். சாவடியில் சிக்னலைத் தேடிக்கொண்டு நிற்பவர்களால்தான் பின்னால் வரிசை நீள்கிறது.

சோதனையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. புலிகள் காப்பகச் சாலையில் பிடி இன்னும் இறுக்கம். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், தின்பண்டத்துக்கு மூடி போட்ட டப்பா என்று கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை. மதுபானத்தோடு சிக்கினால் பயணம் சாவடியிலேயே முடியும்.

சின்னக்கல்லாறு அருவிப் பகுதி வனத்துறையின் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடியிருப்பது வழக்கம், திறந்திருப்பதுதான் அதிசயம். கேட்டுவிட்டுப் போங்கள், பூட்டிய கதவைச் சுற்றி உள்ளே வழி கேட்காதீர்கள். அக்காமலை கிராஸ் ஹில்ஸ் பக்கம் சுற்றுலாவுக்கே கிடையாது. 'ஆள் தெரியும், கூட்டிப்போகிறேன்' என்று யாராவது சொன்னால் அது வழக்கில்தான் முடியும். தேயிலைத் தோட்டங்கள் தனியார் நிலம். சாலையோரம் நிற்கலாம், புதர்களுக்குள் இறங்குவது அனுமதி பெற்றுத்தான்.

தங்குமிடம்: முன்பணம் போடும் முன் கேட்க வேண்டியவை

ஊருக்குள் சிறிய லாட்ஜுகள், சுற்றிலும் ஹோம்ஸ்டேக்கள், எஸ்டேட் பங்களாக்கள் என்று மூன்று வகை உண்டு. மழைக்காலத்தில் காட்சி அழகைவிட முக்கியமான கேள்விகள் வேறு.

கடைசி ஒரு கிலோமீட்டர் என்ன சாலை? எஸ்டேட் மண்சாலை மழையில் சேறாகிவிட்டால் சிறிய கார் ஏறாது. ஜீப் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா, எத்தனை மணி நேரம்? வெந்நீர் கீசரிலா, விறகு பாய்லரிலா? விறகென்றால் மின்சாரம் இல்லாதபோதும் கிடைக்கும், அது நல்லது. துணி காய வைக்க இடம் உண்டா? சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? இரவு 7 மணிக்கு மேல் சாப்பாட்டுக்காக ஊருக்குள் வண்டி ஓட்ட வேண்டிய நிலை வரக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

சரிவை வெட்டி அதன் அடியில் கட்டிய அறையை விட மேட்டில் தனியாக நிற்கும் பழைய ஓட்டுக் கட்டடம் மேல். பின்பக்கச் சுவரை ஒட்டி மண்மேடு இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

மூட்டை: மூன்று நாளுக்கு ஓர் ஆளுக்கு

ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் மூன்று நாளும் காயாது, ஈரத்தோடு தொடையில் உரசிப் புண்ணாக்கும். விரைவில் காயும் பேண்ட் 2, மெல்லிய சட்டை 4, முழுக்கை ஃப்ளீஸ் 1, இரவுக்குத் தனி உடுப்பு 1 செட். இந்தக் கடைசி செட்டை எக்காரணம் கொண்டும் வெளியே அணியாதீர்கள். உலர்ந்த துணி என்று ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். சாக்ஸ் 5 ஜோடி கேட்கும்போது அதிகமாகத் தெரியும், இரண்டாம் நாள் மாலை போதவில்லை என்று தெரியும்.

குடை, ரெயின்கோட் இரண்டும் வேண்டும். பேச்சில் எல்லோரும் ரெயின்கோட் என்பார்கள். ஆனால் காற்றில்லாத சாரலில் பறவை பார்க்க, படம் எடுக்க, குடைதான் வசதி. ரெயின்கோட் உள்ளே வியர்த்து நனைக்கும். காற்றடிக்கும் இடத்தில் குடை மடங்கும், அங்கே கோட். முதுகுப்பையையும் சேர்த்து மூடும் பொஞ்சோ இருந்தால் இன்னும் நல்லது.

செருப்புக்கு ஒரு சொல்: புதிய ஷூவை இந்தப் பயணத்தில் பழக்காதீர்கள். ஆழமான பள்ளம் போட்ட ரப்பர் அடிப்பாகம் வேண்டும். நனைந்த ஷூவை இரவு செய்தித்தாள் சுருட்டித் திணித்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். காலையில் முழுதாகக் காய்ந்திருக்காது, ஆனால் போட்டுக்கொள்ளும்படி இருக்கும். அடுப்பருகே வைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 10x42 வேண்டாம், 8x42 எடுங்கள். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 42-ஐ 8-ஆல் வகுத்த 5.25 மில்லிமீட்டர்; பத்து மடங்கில் அது 4.2 ஆகிவிடும். பனிமூட்டத்தில், காட்டு நிழலில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் பறவைக்கு நிறம் இருக்கிறதா வெறும் நிழலா என்பதைத் தீர்மானிக்கிறது. கேமராவைக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். உள்ளே நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம்.

இவை தவிர: தலைவிளக்கு, பவர் பேங்க், ரொக்கம், ஆஃப்லைன் வரைபடம். ஊரை விட்டு எஸ்டேட் பக்கம் திரும்பியதும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

அட்டைகள்

ஜூன் முதல் நவம்பர் வரை அட்டையில்லாத காட்டோரம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, நோய் பரப்பாது. ஆனால் அதைப் பற்றிய அரைகுறை அறிவுதான் பெரும்பாலும் தொல்லை.

அவை மரத்திலிருந்து குதிப்பதில்லை. தரையில், சருகில், புல் நுனியில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும். நம் காலடி அதிர்வையும் மூச்சையும் உடல் சூட்டையும் உணர்ந்து வரும். வரிசையில் முதலில் போகிறவர் எழுப்பிவிட்டுப் போவார், மூன்றாவது ஆளுக்குத்தான் அதிகம் ஏறும். ஆகவே குழந்தையை நடுவில் விடாதீர்கள், முன்னால் விடுங்கள். நிற்பதென்றால் தார்ச்சாலையிலோ பாறையிலோ நில்லுங்கள்.

லீச் சாக்ஸ் என்பது நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை தைத்த உறை. சாதாரண சாக்ஸின் பின்னல் துளைக்குள் அட்டை நுழைந்துவிடும், இதில் முடியாது. பேண்டை உள்ளே விட்டு, மேலே உறையை இழுத்து, முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டி, அதன்பின் ஷூ. உறையின் வெளியே தோட்டத் தொழிலாளர்கள் செய்வதுபோலப் புகையிலை ஊறிய தண்ணீரையோ, சோப்பையோ தேய்க்கலாம். உப்பு மழையில் கரைந்துபோகும். சின்னத் துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டி வைத்துக்கொண்டால் ஷூமேல் ஏறுவதைத் தொட்டுத் தள்ள உதவும்.

கடித்துவிட்டால் உப்பு போடாதீர்கள், தீ வைக்காதீர்கள். உறிஞ்சியதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிட்டு விழும், அதுதான் புண் பழுக்கக் காரணம். அட்டையின் இரு முனையிலும் ஒட்டு உண்டு. மெலிந்த முனைதான் வாய். அதன் அருகே தோலை ஒட்டி விரல் நகத்தைப் பக்கவாட்டில் செலுத்தினால் பிடி விடும். உடனே தடித்த முனையையும் அப்படியே எடுத்துச் சுண்டிவிடுங்கள். ரத்தம் உறையாதபடி செய்யும் ஹிருடின் உள்ளே போயிருப்பதால் அரை மணி முதல் சில மணி நேரம் வரை கசியும். சோப்பால் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். அரிப்பு நாலைந்து நாள் இருக்கும், சொறிந்தால் இன்னும் நீளும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் காட்டோர நடையை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் வண்டி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். காரில் வெயில் நாளில் இரண்டு மணி நேரம். மழையில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து வருபவர்கள் உக்கடத்தில் பேருந்து ஏறிப் பொள்ளாச்சியில் மாறலாம். மலைச்சாலையை ஓட்டிப் பழகாதவர்களுக்குப் பேருந்துதான் எங்கள் பரிந்துரை. அந்த ஓட்டுநர்கள் இந்த வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

சொந்த வண்டியென்றால் புறப்படும் முன் நான்கு விஷயம்: டயர் பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும், ஈர மலைச்சாலைக்கு 3-க்குக் குறையக் கூடாது. வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள், விலை சில நூறுதான். பிரேக் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்புங்கள்.

ஒவ்வொரு வளைவிலும் 9/40, 10/40 என்று எண் எழுதிய பலகை இருக்கும். வளைவுக்குள் நுழையும் முன் ஹாரன், கீழ் கியர், நுழைந்தபின் கியர் மாற்றம் கூடாது. பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். எதிரே வருவது தெரிந்தால் வளைவுக்கு 10 மீட்டர் முன்பே நின்றுவிடுங்கள், நடு வளைவில் நின்றால் இரண்டு பேருக்கும் வழியில்லை. மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் நீர்த்துளிகள் ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். லோ பீமும் ஃபாக் விளக்கும் போதும். ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது நம்மூரில் பரவிவிட்ட கெட்ட பழக்கம்; பின்னால் வருபவருக்கு நீங்கள் ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா என்றே தெரியாது, திரும்பும் சைகையும் போய்விடும். நின்றால் மட்டும் போடுங்கள்.

கண்ணாடி மங்கினால் முதலில் வைப்பரை ஒருமுறை ஓடவிடுங்கள். தெளிந்தால் நீர் வெளிப்பக்கம் கோத்திருக்கிறது, ஏசி அதிகக் குளிராக இருக்கிறது என்று பொருள், வெப்பநிலையைக் கூட்டுங்கள். தெளியவில்லையென்றால் உள்பக்கம்: ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலைக்கு மாற்றுங்கள். ஈரக் குடையும் கோட்டும் டிக்கியில் இருக்கட்டும். உள்ளே மங்குவதற்கு அவைதான் பெரிய காரணம்.

சாலையில் செந்நிற நீர் குறுக்கே ஓடுகிறது, சின்னக் கற்கள் புதிதாக உதிர்ந்து கிடக்கின்றன, மரமோ மின்கம்பமோ சாய்ந்து நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கே நிற்காதீர்கள். படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

குமட்டல் வருகிறவர்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும், கைபேசியை அல்ல. காலையில் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குமட்டல் மாத்திரை தூக்கம் தரும், ஓட்டுநருக்குக் கூடாது.

முதல் நாள்

காலை 7 மணிக்குப் பொள்ளாச்சியை விடுங்கள். ஆழியாறு அணையில் பத்து நிமிடம் போதும். குரங்கு அருவி, இப்போது கவியருவி என்ற பெயரில், வழியிலேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உடனே மூடுவார்கள். திறந்திருந்தாலும் முதல் நாள் நனைந்துவிட்டு மலையேறுவதில் அர்த்தமில்லை.

9-வது வளைவில் லோம்ஸ் வியூ. இந்தச் சாலையை அமைத்த பொறியாளரின் பெயர் அது. மேகம் மேலேயே நிற்கும் நாட்களில் ஆழியாறு நீர்ப்பரப்பு இங்கிருந்து முழுதாகத் தெரியும்; பயணத்தில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய தூரக்காட்சி இது ஒன்றுதான். பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்கும், சில நாள் சாலையோரச் சுவரிலேயே. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இவ்வளவு பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது அரிது. தின்ன எதுவும் நீட்டாதீர்கள்.

அட்டகட்டி தாண்டியதும் காடு நெருங்கும், கவர்க்கல் வந்ததும் பனி இறங்கும். ஐயர்பாடி, ரொட்டிக்கடை, பிறகு புதுத்தோட்டம். இங்கே வேகம் 20-க்கு மேல் வேண்டாம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களைப் பார்ப்பீர்கள். சோலைமந்திகள் தரையிறங்காமல் சாலையைக் கடப்பதற்காகக் கட்டியவை. பகலுக்குள் அறைக்குப் போய், வெந்நீரில் குளித்து, தூங்குங்கள். மாலையில் ஊர்க் கடைத்தெரு, ஒரு தேநீர். அதற்குமேல் முதல் நாளுக்கு எதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: புதுத்தோட்டமே போதும்

காலை 6.45-க்குச் சாலையோரம் வந்துவிடுங்கள். சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை முதலில் கேட்கும். பள்ளிக்கூடம் போகும் பையன் மனம்போன போக்கில் சீட்டியடிப்பதுபோல, மெட்டு ஒரு இடத்தில் நிற்காமல் அலையும். ஓடைப்பக்கப் பாறையில் தேடினால் கருநீலத்தில் உட்கார்ந்திருக்கும். மழைக்காலம்தான் அது பாடும் காலம்.

சோலைமந்தி என்று எல்லோரும் காட்டுவது பாதி நேரம் கருமந்தியாக இருக்கும். வாலைப் பாருங்கள். சோலைமந்திக்கு வால் குட்டை, நுனியில் சிங்கத்துக்குப்போல ஒரு குஞ்சம். முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி. கருமந்திக்கு வால் நீளம், குஞ்சம் இல்லை, தலைமுடி பழுப்பு. மழை கொட்டும்போது இரண்டுமே கிளையின் அடியில் குறுகி அசையாமல் இருக்கும், தேடிப் பயனில்லை. மழை விட்டதும் முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒன்றாக இரைதேடக் கிளம்பும். அந்த அரை மணிக்காகத்தான் இத்தனை நேரம் நிற்பது. இருவாச்சியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காது கேட்டுவிடும். பெரிய இருவாச்சியின் சிறகடிப்பு நீராவி இன்ஜின் மூச்சுவிடுவதுபோல வரும். சத்தம் வந்ததும் ஓடாமல் மரங்களின் இடைவெளியில் வானத்தைப் பாருங்கள்.

தண்ணீர் தேங்கிய குட்டைக்கு மேலே தொங்கும் இலைகளில் கைப்பிடியளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் நின்று பாருங்கள். பறக்கும் தவளை இனத்தின் முட்டைக்கூடு அது. ஆனைமலைப் பறக்கும் தவளை என்றே ஓர் இனம் இந்த மலையிலிருந்து 2000-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. நுரைக்குள் முட்டை பொரிந்து, அடுத்த மழையில் நுரை கரைந்து, தலைப்பிரட்டைகள் கீழே குட்டைக்குள் சொட்டும். இலையை ஆட்டினால் நேரம் தவறி விழுந்து செத்துப்போகும். கிளையைக் கையால் விலக்கவும் வேண்டாம். மலபார் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் இதே புதர்களில் அசையாமல் கிடக்கும்.

பத்து மணிக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, வானம் வெளுத்திருந்தால் மட்டும் இன்னொரு இடம்: கருமலை பாலாஜி கோயில் பக்கம் போகும் தேயிலைச் சாலையோ, நல்லமுடி பூஞ்சோலையோ. நல்லமுடியில் எதிரே 2695 மீட்டர் ஆனைமுடி நிற்க வேண்டும். இந்தப் பருவத்தில் அது முகம் காட்டினால் உங்கள் அதிர்ஷ்டம். மூன்று மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

யானை, சிறுத்தை, இருட்டு

மாலை 6-க்குமேல் அறையை விட்டு நடக்காதீர்கள். தேயிலைப் புதர் மூன்றடி உயரம்தான், ஆனால் சிறுத்தை படுத்திருந்தால் தெரியாது, பனியில் கரடியும் தெரியாது. குழந்தைகளை அந்தி நேரத்தில் முற்றத்தில் தனியே விட வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் இதை ஒவ்வொரு மாலையும் கடைப்பிடிக்கிறார்கள், நமக்கு மூன்று நாள்தான்.

எஸ்டேட்டுகளில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று பொருள். கைபேசி அழைப்பால் எரியவைக்கும் இந்த விளக்குகளும், யானை நிற்கும் இடத்தைச் சொல்லும் குறுஞ்செய்திகளும் வால்பாறையில் உயிர்களைக் காத்திருக்கின்றன. விளக்கு எரிந்தால் அந்தச் சாலையை விடுங்கள். வழியில் யானை நின்றால் ஹாரன் கூடாது, விளக்கை அணைத்து அணைத்துப் போடக் கூடாது, இறங்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டபடி பின்னால் எடுத்து, அது போகும்வரை இருங்கள். கூட்டத்தில் ஒன்று போய்விட்டதும் கிளம்புவது பெரிய தவறு. குட்டியோடு தாய் பின்னால் வரும். காட்டுமாடு சாதுவாக மேயும், ஆனால் படம் எடுக்க இருபது அடியில் போகிறவரை அது மன்னிக்காது.

மூன்றாம் நாள்: சோலையாறா, திரும்புவதா

காலையில் மழை அளவைப் பாருங்கள். குறைவென்றால் சுமார் 20 கிலோமீட்டரில் சோலையாறு அணை. முழு மட்டம் 160 அடி. நிரம்பிய செய்தி வந்த வாரமென்றால் பார்க்க வேண்டிய காட்சிதான். போகும் வழியிலும் சுற்றிலும் ஓடும் ஆறுகளில் கால் வைக்காதீர்கள். கூழாங்கல் ஆறு பார்க்க முழங்கால் ஆழம்போலிருக்கும். மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே வந்து சேரும், உருண்ட கல்லில் கால் நிற்காது. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் திரும்பவில்லை. தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகிய மூன்றும் வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கரையேற நேரம் போதாது.

இங்கிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாகக் கேரளத்தின் அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுச்சாலை உண்டு. அழகான பாதை, ஆனால் நடுவே கடையோ மெக்கானிக்கோ சிக்னலோ இல்லை. இரவில் மூடுவார்கள், உள்ளே நுழையும் நேரத்தைச் சாவடியில் எழுதி, வெளியேறும் நேரத்தைச் சரிபார்ப்பார்கள், கையிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் எண்ணுவார்கள். காலை 10-க்குள் மளுக்கப்பாறை சேர முடியும், கோவை, திருச்சூர் இரு மாவட்டத்துக்கும் மஞ்சளுக்கு மேல் எச்சரிக்கை இல்லை என்றால் போகலாம். இல்லையேல் வந்த வழியே பொள்ளாச்சிக்கு.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் 20 வளைவுக்குள் கருகல் வாசனை வரும், பெடல் உள்ளே போகும். வாசனை வந்ததும் அகலமான இடத்தில் ஓரங்கட்டி 20 நிமிடம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். நியூட்ரலில் விடுவது பெட்ரோல் மிச்சமல்ல, வண்டியை மலையிடம் ஒப்படைப்பது.

அவசரத்துக்கு 108, பொது உதவிக்கு 112, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வால்பாறையிலேயே அரசு மருத்துவமனை உண்டு. பாம்பு கடித்தால் நேராக அங்கே. கட்டுப்போட்டு இறுக்குவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் பையை உள்ளே கொண்டுபோகாமல் மொட்டை மாடியிலோ வாசலிலோ கொட்டுங்கள். ஷூ நாக்கின் மடிப்பிலும் சாக்ஸ் ஓரத்திலும் ஒளிந்த அட்டை இரண்டு நாள் கழித்தும் உயிரோடிருக்கும். துணியை வெந்நீரில் ஊறவைத்து, ஷூவின் உள்தகட்டைக் கழற்றி வெயிலில் காயவிடுங்கள். குடையை விரித்தபடியே ஓர் இரவு வையுங்கள். மடித்து வைத்தால் கம்பி துருப்பிடித்து, அடுத்த ஆகஸ்டில் விரியாது.